பனியனுக்கு ஒரு நியாயம், கம்ப்யூட்டருக்கு ஒரு நியாயமா?

ஒரு டி-ஷர்ட்டைத் தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்புவதில் எது கஷ்டம் என்று திருப்பூர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். தைப்பது கஷ்டமே இல்லை என்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லி, அதை நிரூபிப்பதுதான் பெரும்பாடு.

எத்தனை சதவிகிதம் பருத்தி, எத்தனை சதவிகிதம் எலாஸ்டேன் என்று லேபிளில் போட வேண்டும். சாயத்தில் தடை செய்யப்பட்ட அஸோ வகை கலக்கவில்லை என்று லேபில் சோதித்துச் சான்றிதழ் வைக்க வேண்டும். 1990களில் ஜெர்மனி இந்தத் தடையைக் கொண்டுவந்தபோது திருப்பூரே ஆடிப்போனது. பிறகு கற்றுக்கொண்டது. தைக்கும்போது ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகளைத் தேடி எடுத்து, ரிஜிஸ்டரில் ஒட்டி, தேதி போட்டு, கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு துண்டு கிடைக்காவிட்டால் அந்த மெஷினைச் சுற்றிக் கிடந்த பீஸ் அத்தனையையும் சலிக்க வேண்டும். குழந்தை உடுப்பு என்றால் மெட்டல் டிடெக்டருக்குள் விட்டு எடுத்த பிறகுதான் பெட்டி மூடலாம்.

இது சரியான ஏற்பாடு. காசு கொடுத்து வாங்குகிறவருக்குத் தெரியாமல் பொருளுக்குள் எதுவும் இருக்கக் கூடாது. எங்கோ ஹாம்பர்க்கில் ஒரு குழந்தையின் கழுத்தில் ஊசி குத்தக் கூடாது என்பதற்காக இங்கே பி.என். ரோட்டில் ஒரு சூப்பர்வைசர் தரையில் உட்கார்ந்து அரை இஞ்ச் இரும்பைத் தேடுகிறார். தேடட்டும்.

இப்போது அதே பனியன் கம்பெனியின் ஆபீஸ் ரூமுக்குள் வாருங்கள். மேஜை மேல் ஒரு புது லேப்டாப். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்து வந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், பழைய மெஷினை ஓரங்கட்டிவிட்டுப் புதிது வாங்கிய பல ஆயிரம் சின்ன ஆபீஸ்களில் இதுவும் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓனருக்கு வேண்டியது மூன்றே விஷயம். டேலி ஓட வேண்டும். இ-வே பில் போட வேண்டும். பையருக்கு மெயிலில் பேக்கிங் லிஸ்ட் போக வேண்டும்.

மெஷினைத் திறந்தால் கல்யாண மண்டபம் மாதிரி கூட்டம். ஒரு மாத ஓசிக்கு ஒரு ஆன்ட்டி வைரஸ். ஒரு மாத ஓசிக்கு ஆபீஸ். விளையாட்டுகள். கம்ப்யூட்டர் கம்பெனியின் சொந்தத் தயாரிப்பாக 'உதவியாளர்', 'மேலாளர்', 'வரவேற்பாளர்' என்று நாலைந்து. சினிமா பார்க்க ஒன்று, ஷாப்பிங் செய்ய ஒன்று.

கடையில் பெரும்பாலும் நடக்கும் உரையாடல் இப்படித்தான் இருக்கும்:

"ஏனுங்கண்ணா, இதெல்லாம் நான் கேக்கவே இல்லீங்களே?"

"அது கூடவே வர்றதுங்க. கம்பெனியே போட்டு அனுப்பறாங்க. நம்ம கைல ஒண்ணுமில்லீங்க."

"எடுத்துட்டுக் குடுங்க."

"எடுத்தா வாரண்டி போயிருமோ என்னமோங்க... இருந்துட்டுப் போகுது, விடுங்க."

இருந்துட்டுப் போகுது! இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் உலகம் முழுக்க ஒரு வியாபாரம் நடக்கிறது. கம்ப்யூட்டர் விற்பதில் லாபம் குறைவு. அதனால் உங்கள் மெஷினில் இடம்பிடிக்க ஆசைப்படும் சாஃப்ட்வேர் கம்பெனிகளிடம் காசு வாங்கிக்கொண்டு உள்ளே ஏற்றிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் இதற்கு வீங்கிப்போன சரக்கு என்று பொருள்படும்படி 'ப்ளோட்வேர்' என்று பெயர். பஸ் ஸ்டாண்டில் கடை போட வேண்டுமானால் மாநகராட்சிக்கு வாடகை கட்டுகிறார்கள் அல்லவா? அதே மாதிரிதான். ஒரே ஒரு வித்தியாசம், இங்கே இடம் உங்களுடையது, வாடகை வேறொருவருக்கு.

'அதனால் என்ன குடி முழுகிவிட்டது?' என்று கேட்பவர்களுக்கு வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, பயமுறுத்தல். முப்பது நாள் முடிந்ததும் ஆன்ட்டி வைரஸ் சிவப்பு எழுத்தில் கத்த ஆரம்பிக்கும். உங்கள் கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்பு இல்லை, உடனே பணம் கட்டு! விண்டோஸுக்குள்ளேயே மைக்ரோசாஃப்டின் இலவசப் பாதுகாப்பு இருக்கிறது என்பதும், இந்த ஓசி சரக்கை எடுத்துவிட்டால் அது தானாகவே வேலையைத் தொடங்கிவிடும் என்பதும் அந்தச் சிவப்பு எழுத்தில் இருக்காது. பவர் டேபிள் வைத்து ஜாப் ஒர்க் செய்பவர் பயந்துபோய் கார்டு நம்பரைக் கொடுப்பார். அடுத்த வருடம் அவரைக் கேட்காமலே பணம் போகும்.

இரண்டாவது, கழுத்தில் கத்தி. ஓசி ஆபீஸின் கெடு முடிந்தால் ஃபைலைப் பார்க்கலாம், திருத்த முடியாது. உங்கள் சொந்தக் கணக்கு, நீங்களே தட்டி ஏற்றியது! தூத்துக்குடியில் கப்பல் நிற்கும் நாளில் பேக்கிங் லிஸ்ட்டில் ஒரு எண்ணை மாற்ற முடியாவிட்டால், எந்த மனிதரும் கேட்ட பணத்தைக் கட்டித் தொலைப்பார். கெடு முடியும் தேதிக்கு ஷிப்மென்ட் தேதி தெரியாது. விற்பவருக்கு உங்கள் அவசரம்தான் மூலதனம்.

மூன்றாவது, இடமாற்றம். இப்போதைய விண்டோஸைப் புதிதாகத் தொடங்கும்போது உங்கள் 'டெஸ்க்டாப்', 'டாகுமென்ட்ஸ்' இரண்டையும் ஒன்-டிரைவ் என்னும் இணையக் கிடங்குக்குத் தூக்கிக்கொண்டு போவதுதான் வழக்கமான ஏற்பாடு. அங்கே இலவச இடம் 5 ஜிபி. டிசைன் படங்களும் பில்களும் அதைச் சீக்கிரம் நிரப்பிவிடும். நிரம்பியதும், இடம் போதவில்லை, மாதா மாதம் பணம் கட்டு என்று நச்சரிப்பு. வீட்டுச் சாமானைக் கேட்காமல் லாரியில் ஏற்றிக்கொண்டு போய் கோடவுனில் வைத்துவிட்டு, பிறகு வாடகை கேட்பதை நம் ஊரில் வேறு பெயரில் அழைப்பார்கள்.

நாலாவது, எல்லாவற்றையும் விட மோசமானது. லெனோவோ கம்பெனி 2014-இல் விற்ற பல லேப்டாப்களில் 'சூப்பர்ஃபிஷ்' என்று ஒரு சரக்கை ஏற்றி அனுப்பியது. நீங்கள் பார்க்கும் இணையப் பக்கங்களில் விளம்பரம் செருகுவது அதன் வேலை. அதற்காக அது செய்த காரியம் என்ன தெரியுமா? பூட்டுப் படம் போட்டு வரும் பாதுகாப்பான பக்கங்கள் இருக்கின்றனவே, வங்கி, மெயில், அவற்றுக்கும் உங்களுக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொண்டது. அதைவிடக் கொடுமை, அத்தனை லேப்டாப்களிலும் அது வைத்திருந்த ரகசியச் சாவி ஒன்றே. 2015 பிப்ரவரியில் பாதுகாப்பு நிபுணர் ஒருவர் அந்தச் சாவியின் கடவுச்சொல்லைச் சில மணி நேரத்தில் உடைத்துக் காட்டினார். ஊரில் எல்லா வீட்டுக்கும் ஒரே சாவி, அந்தச் சாவி தெருவில் கிடக்கிறது என்றால் எப்படி? அமெரிக்க அரசே அதை நீக்கச் சொல்லி எச்சரித்தது. 2017-இல் 32 அமெரிக்க மாநிலங்களுக்கு 35 லட்சம் டாலர் கட்டி லெனோவோ சமரசம் செய்துகொண்டது. அதே 2015 நவம்பரில் டெல் கம்பெனியின் லேப்டாப்களிலும் இதே ஜாதி ஓட்டை ஒன்று வெளியே வந்தது.

ஏற்றுமதி செய்பவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பையருக்கும் உங்களுக்கும் நடுவே மெயிலில் எவனோ புகுந்து, பேங்க் அக்கவுன்ட் நம்பரை மாற்றிப் பணத்தை அடித்துக்கொண்டு போகும் மோசடி உலகம் முழுக்க நடக்கிறது. அந்தத் திருடனுக்குக் கதவைத் திறந்து வைத்த மெஷினை, சீல் உடைக்காத பெட்டியில் போட்டு, முழு விலைக்கு விற்கிறார்கள் என்றால் அதற்கு என்ன பெயர்?

2008-இல் சோனி ஒரு வேடிக்கை செய்தது. இந்தச் சரக்கெல்லாம் இல்லாமல் சுத்தமான வயோ லேப்டாப் வேண்டுமா, 50 டாலர் கூடுதலாகக் கொடு என்றது. சாம்பாரில் பல்லி விழாமல் இருக்கத் தனிக் கட்டணம்! ஊரே சிரித்ததும் ஓரிரு நாளில் கட்டணத்தை ரத்து செய்துவிட்டார்கள். சுத்தமாகக் கொடுப்பது முடியாத காரியம் இல்லை என்பது அன்றே நிரூபணமாகிவிட்டது.

இவர்கள் தரப்பில் ஒரு வாதம் உண்டு. அதையும் கேட்போம். 'அந்தக் காசு வருவதால்தான் லேப்டாப்பை இந்த விலைக்குத் தர முடிகிறது. இல்லாவிட்டால் விலை ஏறும்.'

இந்த வாதத்தைத் திருப்பூரில் வந்து சொல்லாதீர்கள். ஏனென்றால் அந்த ஊர் இதை ஏற்கெனவே கேட்டிருக்கிறது. சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்தால் பனியன் விலை ஏறும், ஆர்டர் வெளிநாட்டுக்குப் போய்விடும் என்றுதான் பல வருடம் சொன்னார்கள். நொய்யல் கறுத்தது. ஒரத்துப்பாளையம் அணை கழிவுத் தொட்டியானது. பனியன் மலிவாக இருந்தது, ஏனென்றால் மிச்சப் பணத்தைக் கீழே இருந்த விவசாயி கட்டினார். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அத்தனை சாயப்பட்டறைகளையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாதே, பிறகு ஓட்டு என்றது சட்டம். கடன் வாங்கி, கஷ்டப்பட்டு, தண்ணீரைச் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டது ஊர். இன்றைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறது. விலை ஏறும் என்று பயந்தவர்கள் சொன்னபடி ஊர் அழிந்துவிடவில்லை.

அழுக்கைச் செய்தவன் அவன், கழுவுகிறவன் நீ என்பதுதான் இரண்டிலும் ஒரே கணக்கு. ஒரு ஆபீஸ் பையன் அரை நாள் உட்கார்ந்து அதையெல்லாம் நீக்குகிறான் என்றால் அந்த அரை நாள் சம்பளத்தை யார் கொடுப்பது?

விலைதான் காரணம் என்றால் அதை நேர்மையாகச் செய்யவும் வழி இருக்கிறது. 2011-இல் அமேசான் தன் கிண்டில் படிப்பானை விளம்பரத்தோடு 114 டாலர், விளம்பரம் இல்லாமல் 139 டாலர் என்று இரண்டு விலையில் விற்றது. பிடித்ததை வாங்கிக்கொள்! வாசகர்களுக்குப் பழக்கமான உதாரணமும் தரலாம். வாரப் பத்திரிகையோடு ஷாம்பு பாக்கெட் இலவசமாக வருகிறது. வேண்டாம் என்றால் பிய்த்துப் போட்டுவிட்டுத் தொடர்கதையைப் படிக்கலாம். ஷாம்புவை இருபதாம் பக்கத்தின் மேல் கொட்டி, 'துடைக்க வேண்டுமானால் பணம் கட்டு' என்று எந்த ஆசிரியரும் சொன்னதில்லை.

* * *

சட்டம் என்ன செய்கிறது?

ஐரோப்பாவில் செய்கிறது. அங்கே டிஜிட்டல் சந்தைகளுக்கான சட்டம் 2024 மார்ச்சில் முழுமையாக அமலுக்கு வந்தது. கூடவே வரும் செயலிகளை வாடிக்கையாளர் நீக்க முடிய வேண்டும் என்று பெரிய கம்பெனிகளுக்கு உத்தரவு. உடனே மைக்ரோசாஃப்ட் ஐரோப்பியர்களுக்கு மட்டும் 'எட்ஜ்' பிரவுசரை நீக்கும் வசதியைத் திறந்துவிட்டது. கவனியுங்கள், ஐரோப்பியர்களுக்கு மட்டும்! அதே விண்டோஸ் 11. திருப்பூர் டி-ஷர்ட் போட்டுக்கொண்டிருக்கும் பெர்லின்காரர் நீக்கலாம். அந்த டி-ஷர்ட்டைத் தைத்து அனுப்பியவர் அதே பட்டனைத் தேடினால் கிடைக்காது. தென் கொரியா 2014-லேயே செல்போன்களில் வேண்டாத செயலிகளை நீக்கும் உரிமையைக் கொடுத்துவிட்டது. முடியாது என்று எந்தக் கம்பெனியும் கடையைக் கட்டிக்கொண்டு போகவில்லை.

எல்லா இடத்திலும் நீதி கிடைத்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். 2016-இல் ஐரோப்பிய நீதிமன்றமே, விண்டோஸோடு சேர்த்து விற்பது மட்டும் தன்னளவில் முறைகேடு ஆகாது என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் அதற்குப் பிறகு, 2020-இல், இத்தாலியில் ஒருவர் லேப்டாப்போடு வந்த விண்டோஸ் வேண்டாம், அதற்கான 42 யூரோவைத் திருப்பிக் கொடு என்று போராடி ஜெயித்தார். இழுத்தடித்ததற்காக அவருக்கு 20,000 யூரோ கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். 42 யூரோவுக்காக ஒருவர் கோர்ட் படியேறுவதை நாம் வேலையில்லாத வேலை என்போம். அவரோ எல்லோருக்காகவும் ஏறினார்.

நம் ஊரில்? சட்டத்துக்குக் குறைவில்லை. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய வியாபாரத்தில் செய்யக் கூடாத 13 தந்திரங்களைப் பட்டியலிட்டது. கேட்காததைக் கூடையில் நுழைப்பது, வெளியே வர முடியாத சந்தா, ஓயாத நச்சரிப்பு, இல்லாத வைரஸைச் சொல்லிப் பயமுறுத்துவது, எல்லாம் அதில் இருக்கிறது. படித்துப் பாருங்கள், புது லேப்டாப்பின் முதல் வாரத்தை யாரோ பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்த மாதிரி இருக்கும். லேப்டாப் பெட்டியின் மேல் விலை, தயாரான மாதம், எந்த நாட்டுச் சரக்கு என்றெல்லாம் அச்சடிக்க வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. உள்ளே என்னென்ன ஏற்றியிருக்கிறோம் என்று அச்சடிக்கச் சொல்லும் வரி மட்டும் இல்லை.

அரசாங்கம் அந்த வரியை எழுதும் என்று எதிர்பார்க்கலாமா? எனக்குச் சந்தேகம். ஏனென்றால் அரசாங்கத்துக்கும் உங்கள் மெஷினில் இடம் வேண்டியிருக்கிறது. 2025 நவம்பரில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, இனி விற்கும் ஒவ்வொரு செல்போனிலும் 'சஞ்சார் சாத்தி' செயலியை ஏற்றியே விற்க வேண்டும், அதன் செயல்பாட்டை முடக்க முடியாதபடி வைக்க வேண்டும் என்று கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது. நாடு கூச்சல் போட்டதும் டிசம்பர் 3-ஆம் தேதி வாபஸ். 2013-இல் உத்தரப் பிரதேச அரசு மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்பில் அப்பா-பிள்ளை தலைவர்கள் இருவர் படமும் திரையில் வந்தது. அதை மாற்ற முயன்றால் மெஷினே படுத்துவிடுகிறது என்று பத்திரிகைகள் எழுதின. கட்சி விளம்பரத்துக்கும் கம்பெனி விளம்பரத்துக்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் கிடையாது.

தமிழ்நாட்டைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் சேர்த்தே கொடுத்தார்கள். பிள்ளைகள் முன்னால் இரண்டு கதவு இருந்தது. எத்தனை ஆசிரியர்கள் இரண்டாவது கதவைத் திறந்து காட்டினார்கள் என்பது வேறு கேள்வி. 2026 ஜனவரியில் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் கொடுத்தபோது, செயற்கை நுண்ணறிவுச் சேவை ஒன்றின் சந்தாவும் ஆறு மாதத்துக்கு இலவசம் என்றார்கள். ஏழாவது மாதம் யார் கட்டுவது? அரசுப் பணத்தில் வாடிக்கையாளர் பிடித்துக் கொடுப்பதைக் கல்வி உதவி என்று சொல்லக் கூடாது.

நம் பங்கும் இதில் இருக்கிறது. அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்கும்போது கடைக்காரரிடம், "எல்லாம் போட்டுக் குடுத்துருங்க" என்று கேட்பது யார்? திருட்டு விண்டோஸ், திருட்டு கோரல் டிரா, திருட்டு ஃபோட்டோஷாப், அவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும் கண்ணுக்குத் தெரியாத உருப்படிகள். ஓசியில் வந்ததை ஏன் என்று கேட்காத பழக்கம்தான், காசு கொடுத்து வாங்கியதையும் ஏன் என்று கேட்கவிடாமல் செய்கிறது.

ஆகவே என் கோரிக்கைகள் மிகச் சாதாரணமானவை.

ஒன்று: லேப்டாப் பெட்டி மேல், கேர் லேபிள் மாதிரி ஒரு லேபிள். உள்ளே ஏற்றியிருக்கும் சரக்குகளின் பெயர், எது எத்தனை நாளுக்கு இலவசம், பிறகு எவ்வளவு கட்டணம்.

இரண்டு: முதல் தடவை மெஷினைத் திறந்ததும், தமிழில் ஒரு கேள்வி. 'இவை வேண்டுமா? வேண்டாமா?' வேண்டாம் என்றால் ஒரே அமுக்கில் மொத்தமும் போய்விட வேண்டும்.

மூன்று: விண்டோஸ் எவ்வளவு, மெஷின் எவ்வளவு என்று பில்லில் தனித்தனியாகப் போட வேண்டும். வேண்டாதவர்களுக்கு விண்டோஸ் இல்லாத மெஷினும் எல்லாக் கடையிலும் கிடைக்க வேண்டும்.

நாலு: அரசு வாங்கும் எந்தக் கம்ப்யூட்டரிலும் கெடு வைத்த ஓசிச் சரக்கு இருக்கக் கூடாது என்று டெண்டரிலேயே எழுத வேண்டும்.

இதை டெல்லி செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வேறு எந்த ஊரைவிடவும் திருப்பூரால் இதைத் தொடங்க முடியும். ஒவ்வொரு சீசனிலும் பையர் உங்களுக்கு ஒரு கட்டு காகிதம் அனுப்புகிறார் அல்லவா? இந்தச் சாயம் கூடாது, இந்தப் பட்டன் கூடாது, இதை நிரூபி, அதில் கையெழுத்துப் போடு என்று? அதைப் படித்துப் படித்து உங்களுக்கு மனப்பாடமே ஆகியிருக்கும். அடுத்த தடவை ஆபீஸுக்குப் பத்து லேப்டாப் வாங்கும்போது அதே மாதிரி ஒரு ஷீட் தயார் செய்து கம்ப்யூட்டர் கம்பெனிக்கு அனுப்புங்கள். இந்தெந்தச் சரக்கு கூடாது. மீறி இருந்தால் பெட்டி ரிட்டர்ன். ஒரு கம்பெனி கேட்டால் சிரிப்பார்கள். ஏற்றுமதியாளர் சங்கம் மொத்தமாகக் கேட்டால் சுத்தமான மெஷின் வந்து இறங்கும்.

அரை இஞ்ச் ஊசிக்கு ரிஜிஸ்டர் போட்டுக் கணக்குச் சொல்கிற ஊருக்கு, பதிலுக்கு ஒரு கணக்குக் கேட்க உரிமை இருக்கிறது.

கேளுங்க!